போகிறோம்

கீழேயிருந்து ஆலேனாவின் குரல்:
"யெதெமெ!"
போகிறோம்.
அவ்வளவுதான். யார் யார் என்று
அந்தச் சொல்லில் இல்லை.

நம்மிடம் இதற்கு வழி உண்டு.
நாம் என்றால் நீயும் கிளம்பு.
நாங்கள் என்றால் நீ இரு, சாவி ஆணியில் தொங்குகிறது.
ஆனால் அவசரத்தில் முதல் சொல்லை விழுங்கிவிட்டு
வெறும் வினையை வீசினால்
நமக்கும் இதே கதிதான்.
இருபத்திரண்டு வருடம் பேசியும் உறைக்காதது
ஒலொமோட்ஸுக்கு வந்து உறைத்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு
யெதெமெ என்றார்கள்.
ஓடிப்போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன்,
பெல்ட்டும் போட்டாயிற்று.
லுபோர் ஆலேனாவைப் பார்த்தார்.
ஆலேனா கண்ணாடியைச் சரிசெய்தாள்,
அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.
நாற்பது கிலோமீட்டர், ரேடியோ மட்டும் பேசியது.

அண்ணனோடு வீட்டுப் பாகம் பேச லுபோர் போன பயணம் அது.
அண்ணன் வீட்டுச் சமையலறையில்
மூன்று மணி நேரம் ஒரு கிழட்டுப் பூனையைத்
தடவிக்கொண்டிருந்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கத்துச் சண்டையில்
எனக்குப் புரிந்த சொற்கள்:
கூரை. பாதி. அம்மா. ஒருபோதும்.
திரும்பும்போது பெட்ரோல் பங்கில்
லுபோர் எனக்கும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கினார்.
குளிர் நான்கு டிகிரி.
நால்வரும் காருக்குள் வாய்பேசாமல் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு நான் உளவாளி.
முட்டை எத்தனை வேகிறது,
ரொட்டிப் பொட்டலம் எத்தனை,
ஷிமோன் தன் ஹாக்கிப் பையை
டிக்கியில் வைக்கிறானா, என் சீட்டில் வைக்கிறானா.

சட்டங்கள் எளிது. அவை குழப்புவதில்லை.
குளியல் ஏழு நிமிடம்.
ஃபிரிட்ஜில் இரண்டாம் தட்டு என்னுடையது.
என் பெருங்காய டப்பாவும்
லுபோரின் நாற்றப் பாலாடைக்கட்டியும்
வீட்டுக்குள் வரக்கூடாது.
பால்கனியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்
பனியேறி உட்கார்ந்திருக்கின்றன,
ஒன்றுக்கொன்று எந்தப் புகாரும் இல்லை.

நான் படுப்பது பார்போராவின் கட்டிலில்.
அவள் லிஸ்பனில் படிக்கிறாள்,
அங்கே யாரோ ஒரு குடும்பத்தோடு.
அவளுடைய நீச்சல் பதக்கங்கள்
காற்றடித்தால் என் தலைமாட்டில் கிணுகிணுக்கும்.
போனில் ஒருமுறை கேட்டாள்,
ஜன்னல் இன்னும் மக்கர் பண்ணுகிறதா?
தூக்கிக்கொண்டே தள்ளணும் என்றேன்.
தெரியும் என்றாள்.
பிறகு இருவருக்கும் பேச ஒன்றுமில்லை.

போன செவ்வாய் பாய்லர் கெட்டது.
ரிப்பேர்காரர் தரையில் படுத்தபடி கேட்டார்,
இந்த வீட்டில் எத்தனை பேர்?
ஆலேனா யோசிக்கவே இல்லை.
நாலு என்றாள்.
அவர் ஒரு திருகாணியைக் கொஞ்சம் திருப்பினார்.

எனக்கு உள்ளே என்னமோ சூடானது.
மாடிப்படி ஏறுகையில்தான் கணக்குப் போட்டேன்:
ஆலேனா, லுபோர், ஷிமோன், நான். நாலு.
ஆலேனா, லுபோர், ஷிமோன், பார்போரா.
அதுவும் நாலு.

கேட்டிருக்கலாம்.
வேற்றுமை உருபுகள் ஏழையும் மனப்பாடம் செய்தவளுக்கு
இந்த ஒரு வாக்கியமா அமைக்க வராது?
கேட்கவில்லை.
வெந்நீர் வருகிறது. ஏழு நிமிடமும் வருகிறது.

இன்று காளான் பறிக்கக் காட்டுக்காம்,
நேற்றிரவு கூடைகளைத் துடைத்தார்கள்.
எத்தனை கூடை என்று எண்ணுவதற்குள்
லுபோர் விளக்கை அணைத்துவிட்டார்.

ஒரு காலில் பூட்ஸ்,
மறு காலில் வீட்டுச் செருப்பு,
படியில் நிற்கிறேன்.

மறுபடி கூப்பிடுகிறாள், யெதெமெ!
இந்தமுறை எரிச்சலோடு.
விருந்தாளியிடம் யாரும் இப்படி எரிந்து விழமாட்டார்கள்.

அல்லது அது ஷிமோனுக்காக இருக்கும்.
அவனும் இன்னும் இறங்கவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று
இன்னொரு பூட்ஸையும் மாட்டுகிறேன்.